நிரந்தர ஸ்டோமாவுக்குப் பிறகு வாழ்க்கைத் தரம் திரும்புமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மலக்குடல் புற்றுநோய்க்காக உங்கள் கணவருக்கு மலக்குடலும் ஆசனவாயும் நீக்கப்பட்டு, இடப்பக்க வயிற்றில் நிரந்தரக் கொலாஸ்டமி (பெருங்குடலின் முனையை வயிற்றில் திறந்து, மலம் ஒரு பையில் சேரச் செய்வது) வைத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அந்தத் திறப்பைத்தான் ஸ்டோமா என்கிறோம். சிகிச்சை முடிந்துவிட்டது, நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் அவர் வெளியே போவதில்லை, யாரையும் வீட்டுக்கு வரவிடுவதில்லை, இரவு உணவைத் தவிர்க்கிறார், பை மாற்றுவது முழுக்க உங்கள் வேலையாகிவிட்டது. இந்த நிலையில் வாழ்க்கைத் தரம் எத்தனை சதவீதம் திரும்பும் என்று கேட்கிறீர்கள். அவர் இப்படி முடங்கிக் கிடப்பதற்குக் காரணம் பையா, நோயா, மனமா, அவற்றில் எதைச் சரிசெய்ய முடியும் என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பெருங்குடல் அறுவை சிகிச்சைப் பிரிவில் ஸ்டோமா பராமரிப்புச் செவிலியராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் கணவரை நான் பார்த்ததில்லை. வயிற்றைப் பார்க்காமல் சொல்லக்கூடியவற்றுக்கு ஓர் எல்லை உண்டு, அது வரும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

சதவீதமாகச் சொல்ல விடை கிடையாது. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாத்தாள்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஸ்டோமா உள்ளவர்களுக்கென்றே உருவான ‘ஸ்டோமா க்யூஓஎல்’ 20 கேள்விகள் கொண்டது. ‘சிட்டி ஆஃப் ஹோப்’ வினாத்தாள் அதைவிட நீளமானது, உடல், மனம், சமூகம், ஆன்மிகம் என நான்கு பக்கங்களையும் தொடுவது. இவை ஒரு கூட்டத்தின் போக்கைக் காட்டுமே தவிர, ஒரு தனிமனிதர் அடுத்த ஆண்டு எப்படி இருப்பார் என்பதைக் காட்டா. ஆனால் அந்த 20 கேள்விகளையும் வரிசையாகப் படித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பை கழன்றுவிடுமோ, நாற்றம் வருமோ, சத்தம் கேட்குமோ, அருகில் கழிப்பறை எங்கே இருக்கிறது, வெளியூரில் ஓர் இரவு தங்க முடியுமா, உடை வெளியே காட்டிக்கொடுக்குமா என்று பெரும்பகுதிக் கவலை பையைச் சுற்றியே இருக்கிறது. குடலின் ஒரு முனை வயிற்றில் திறந்திருப்பதைவிட, அதன்மேல் ஒட்டியிருக்கும் பொருளை நம்ப முடியாததுதான் அன்றாடத்தை அதிகம் சுருக்குகிறது. நான் பார்த்தவரை இது பொருந்தி வருகிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, பை ஒழுகுகிறதா என்பது. நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்டால் பலரும் ‘எப்போதாவது ஒருமுறைதான்’ என்பார்கள். அந்த ‘எப்போதாவது’ போதும். எந்த நேரத்தில் என்று தெரியாத ஒழுகல்தான் ஒருவரை வீட்டுக்குள் அடைத்துப்போடுகிறது. இன்று உலகெங்கும் பயன்படும் ஒட்டும் பையின் தொடக்கமே இதில்தான் இருக்கிறது: 1954-இல் டென்மார்க்கைச் சேர்ந்த எலிசே சோரன்சன் என்ற செவிலியர், ஸ்டோமா வைத்த பிறகு ஒழுகலுக்கு அஞ்சி வெளியே போக மறுத்த தன் தங்கைக்காகத்தான் அந்தப் பையை யோசித்தார். உங்கள் கணவரின் நடத்தையில் விசித்திரம் எதுவும் இல்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

ஒழுகல் இருக்கிறதா என்பதை அவரிடம் கேட்டு அறிவதைவிட, பையைத் தோலோடு பிடித்துவைக்கும் ஒட்டுத்தட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்து அறிவது நம்பகமானது. அடுத்த முறை தட்டைக் கழற்றியதும் குப்பையில் போட்டுவிடாமல், உடலில் இருந்த அதே திசையில் பிடித்துக்கொண்டு, தோலில் ஒட்டியிருந்த பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் லேசாகக் கரைந்து வெளுத்திருந்தால் பெரிதாகக் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் மட்டும், கடிகாரத்தில் ஒன்பது மணி இருக்கும் திசையில் என்று வைத்துக்கொள்வோம், அரித்துப் பள்ளமாகி, மலத்தின் நிறம் விளிம்பு நோக்கி ஓடியிருந்தால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் உள்ளே ஒழுகல் நடந்துகொண்டிருக்கிறது. பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்து அதே ஒன்பது மணித் திசையைப் பாருங்கள். படுத்திருக்கும்போது சமமாகத் தெரிந்த வயிற்றில், உட்கார்ந்தவுடன் அந்த இடத்தில் ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பின் வழியாகத்தான் மலம் போகிறது. தட்டைப் படுக்க வைத்தே ஒட்டும் வீடுகளில் இதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். மடிப்பை நிரப்பும் பேஸ்டோ ரிங்கோ, உள்நோக்கிக் குவிந்த தட்டோ இதைச் சரிசெய்யும். எது என்பதை வயிற்றைப் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும், குவிந்த தட்டை யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டிவிடக் கூடாது.

இன்னொரு காரணம் துளையின் அளவு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களில் சுருங்கித் தன் அளவுக்கு வரும். மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில் வரைந்து கொடுத்த அளவை வைத்தே ஐந்தாம் மாதமும் துளை வெட்டிக்கொண்டிருந்தால், ஸ்டோமாவைச் சுற்றி ஒரு வளையம் தோல் திறந்தே கிடக்கும், அதில் மலம் பட்டுப் புண்ணாகும், புண்ணாகி ஈரம் கசியும் தோலில் தட்டு ஒட்டாது, ஒட்டாததால் மேலும் ஒழுகும். துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். இன்றே அளந்து பாருங்கள். தோலை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து நன்றாக உலர்த்தினால் போதுமானது. எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு, கிருமிநாசினி, கிரீம் எதுவும் அங்கே வேண்டாம். துடைக்கும்போது ஸ்டோமாவில் துளி ரத்தம் வருவது இயல்பு. அதில் வலி உணரும் நரம்புகள் இல்லை என்பதால், தட்டின் விளிம்பு உரசிக் காயப்பட்டாலும் அவருக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

சிலருக்கு மலம் பைக்குள் இறங்காமல் ஸ்டோமாவின் மேலேயே அப்பிக்கொண்டு, தட்டுக்கு அடியில் புகுந்துவிடும். பைக்குள் காற்றே இல்லாமல் இரண்டு பக்கங்களும் ஒட்டிக்கொள்வதால் வருவது இது. மாட்டுவதற்கு முன் பையை உதறிக் கொஞ்சம் காற்றுப் புகவிட்டு, உள்ளே சில துளி எண்ணெய் தடவி, காற்று வெளியேறும் வடிகட்டியின் மேல் பையோடு வரும் சிறு ஸ்டிக்கரை ஒட்டினால் பெரும்பாலும் தீரும். பை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நிறைந்தவுடன் காலி செய்வது நல்லது. அதற்குமேல் விட்டால் அதன் எடையே தட்டை இழுக்கும்.

அடுத்தது, பையை யார் மாற்றுகிறார் என்பது. இதைச் சொல்லும்போது உங்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். தன் ஸ்டோமாவைத் தானே கையாள முடியும் என்ற நம்பிக்கை யாருக்கு வருகிறதோ அவர்களே மனத்தளவிலும் சமூக அளவிலும் நன்றாகத் தேறுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நம்பிக்கை முதலில் வந்து கைப்பழக்கம் வந்ததா, கைப்பழக்கத்தால் நம்பிக்கை வந்ததா என்பதை அந்த ஆய்வுகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் கைதான் முன்னே போகிறது. மனைவி மாற்றிவிடும் வரை அவர் எங்கே போக வேண்டுமானாலும் மனைவியும் கூட வர வேண்டும். வெளியே ஒரு கழிப்பறைக்குள் அவரால் தனியாக எதையும் செய்துகொள்ள முடியாது. அப்படிப்பட்டவர் வெளியே போக அஞ்சுவதை மனச்சோர்வு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? வேலையை ஒரே நாளில் அவர் கையில் திணிக்காதீர்கள். பை காலி செய்வதை முதலில் அவரிடம் விடுங்கள், பிறகு தட்டைக் கழற்றுவது, பிறகு அளந்து வெட்டுவது, கடைசியில் ஒட்டுவது. கண்ணாடி முன் நின்றுகொண்டு செய்யட்டும். பார்வைக் குறையோ கைநடுக்கமோ இருந்தால் முன்பே அளவாக வெட்டி வரும் தட்டுகள் கிடைக்கின்றன.

இரவு உணவைத் தவிர்ப்பது காலையில் பை நிறையக் கூடாது என்ற கணக்காக இருக்கலாம். அந்தக் கணக்கு பலிப்பதில்லை. உணவை விட்டாலும் குடல் வேலையை விடாது. வெறும் வயிற்றோடு இருந்தால் பலருக்கு வாயுதான் கூடுகிறது. இடப்பக்கக் கொலாஸ்டமிக்கு மேலே பெருங்குடலின் பெரும்பகுதி அப்படியே இருப்பதால், நீரை உறிஞ்சி மலத்தைக் கட்டியாக்கும் வேலை நடக்கிறது. அவர் பெரும்பாலும் முன்பு உண்டதையே உண்ணலாம். நேரம் தவறாமல் உண்பது, மெதுவாக மென்று விழுங்குவது, வாயு கலந்த பானங்களையும் சூயிங்கம்மையும் குறைப்பது இவற்றால் பலன் உண்டு. எந்த உணவு நாற்றம் தரும், எது வாயு தரும் என்ற நீண்ட பட்டியல்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஆளுக்கு ஆள் மாறும் விஷயம் அது. சந்தேகப்படும் ஒன்றை மட்டும் சில நாள் விட்டுப் பார்த்து, மீண்டும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இடப்பக்க முனைக் கொலாஸ்டமி உள்ளவர்களுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கு அதை யாரும் சொல்வதே இல்லை. ஸ்டோமா வழியாக 500 முதல் 1,000 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரை, கூம்பு வடிவ முனை வைத்த குழாயால் மெதுவாகச் செலுத்திக் குடலைக் காலி செய்வது அது, இரிகேஷன் என்பார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். பழகிய பிறகு 24 முதல் 48 மணி நேரம் வரை மலம் வராமல் இருக்கும், சிறிய மூடி மட்டும் ஒட்டிக்கொண்டு சிலர் வெளியே போய்வருகிறார்கள். எல்லாருக்கும் பலிக்காது, ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் பிதுங்கும் குடலிறக்கம் இருந்தாலோ, ஸ்டோமா வெளியே தள்ளியிருந்தாலோ, கீமோதெரபியில் வயிற்றுப்போக்கு இருந்தாலோ செய்யக் கூடாது. அறுவை சிகிச்சை நிபுணரின் அனுமதி பெற்று, செவிலியரிடம் நேரில் கற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். காணொளி பார்த்து வேண்டாம். ஆனால் ‘எனக்கு இது பொருந்துமா’ என்று கேட்கவாவது அவருக்கு உரிமை இருக்கிறது.

இனி, பை இல்லாமல் அறுவை சிகிச்சை செய்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நீங்கள் எழுதியிருக்கும் ஏக்கம். கட்டி ஆசனவாய்த் தசைக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் அந்த முடிவு எடுக்கப்படுகிறது. அதில் நான் கருத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒப்பீட்டைப் பற்றிச் சொல்லலாம். மலக்குடலை நீக்கிக் குடலை மீண்டும் இணைத்தவர்களையும் நிரந்தரக் கொலாஸ்டமி உள்ளவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) மதிப்பாய்வு, 2012-இல் புதுப்பிக்கப்பட்டபோதும், பை இல்லாதவர்களின் வாழ்க்கைத் தரமே மேலானது என்று முடிவுகட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. ஆசனவாய்க்கு மிக அருகே குடல் இணைக்கப்பட்டவர்களில் பலருக்கு அடிக்கடி மலம் கழித்தல், அடக்க முடியாத அவசரம், கசிவு எல்லாம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. கழிப்பறையை விட்டு நகர முடியாமல் அவதிப்பட்டு, கடைசியில் தாமே கேட்டு ஸ்டோமா வைத்துக்கொண்டவர்களும் உண்டு. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை; எதிர்ப்பக்கத்தில் பழைய உடல் காத்திருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

காலம் தானாகவே சரிசெய்துவிடுமா என்றால், ஓரளவுக்கு ஆம். அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில்தான் நிலை மிக மோசமாக இருக்கும், முதல் ஆண்டுக்குள் பெரும்பாலோருக்கு ஏற்றம் தெரியும் என்பதில் ஆய்வுகள் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. ஆறு மாதங்கள் பின்தொடர்ந்தபோது, நிரந்தர ஸ்டோமா வைக்கப்பட்டவர்களின் வாழ்க்கைத் திருப்தி ஏறியது. தற்காலிகமாக வைக்கப்பட்டு, ஒருநாள் மூடிவிடலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. ‘இது கொஞ்ச நாள்தான்’ என்று நினைப்பவர் பழகிக்கொள்ளும் வேலையைத் தொடங்குவதில்லை என்பது ஒரு விளக்கம். சிறிய ஆய்வு அது, அதை விதியாக்கிவிடக் கூடாது. ஆனாலும் ‘எல்லாம் சீக்கிரம் பழையபடி ஆகிவிடும்’ என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பையோடு தொடர்பில்லாத சில தொல்லைகளும் பையின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன. ஆசனவாய் இருந்த இடத்தைத் தைத்து மூடிய காயம் ஆற மாதக்கணக்கில் ஆகலாம், கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இன்னும் தாமதமாகும். உட்காரவே வலிக்கிறது என்பதற்காக விருந்தினரைத் தவிர்ப்பவர் அதை வெட்கத்தால் சொல்லாமல் இருக்கலாம். மலம் கழிக்க வேண்டும் என்ற உணர்வு, மலக்குடலே இல்லாதபோதும் சிலருக்கு வந்துகொண்டிருக்கும். அவர் தன் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட அஞ்சியிருக்கக்கூடும். அது அறியப்பட்ட ஒன்றுதான் என்று சொன்னாலே பாதி பயம் போகும். தாம்பத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது: இடுப்புக் குழிக்குள் நடக்கும் அறுவை சிகிச்சையிலும் கதிர்வீச்சிலும் விறைப்புக்குரிய நரம்புகள் பாதிக்கப்படலாம். அவர் உங்களிடமிருந்து விலகிப் படுத்தால் அதற்கு, தன் உடலை நீங்கள் அருவருப்பீர்கள் என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம், உடல் ஒத்துழைக்காது என்ற அச்சமும் காரணமாக இருக்கலாம்; இரண்டாவதற்கு மருத்துவம் உண்டு, சிறுநீரகவியல் நிபுணரிடம் கேட்க வேண்டும். முதலாவதற்கு, பையைக் காலி செய்துவிட்டு ஓர் உறை போட்டுக்கொள்வது உதவும், மற்றதை நீங்கள் இருவரும்தான் பேச வேண்டும்.

ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் பிதுங்கும் குடலிறக்கம், ஆண்டுகள் செல்லச் செல்ல, நிரந்தரக் கொலாஸ்டமி உள்ளவர்களில் மிகப் பலருக்கு ஏதோ ஓர் அளவில் வரத்தான் செய்கிறது. முதல் சில மாதங்கள் கனமானதைத் தூக்காமல் இருப்பதும், இருமும்போது ஸ்டோமாவைக் கையால் தாங்கிக்கொள்வதும், எடை கூடாமல் பார்ப்பதும் பொதுவாகச் சொல்லப்படுபவை. வயிற்றுப் பட்டை அணிந்தால் குடலிறக்கம் வராது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வந்தபின் தாங்கலாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. நடக்கலாம், பயணம் செய்யலாம், காயங்கள் ஆறிய பிறகு நீந்தவும் செய்யலாம்.

மனத்தைப் பொறுத்தவரை, மேலே சொன்னவற்றைச் சரிசெய்த பிறகும் அவர் எதிலும் விருப்பமின்றி, தூக்கமின்றி, தான் சுமை என்று பேசிக்கொண்டு இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தால், அது மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே. அதற்குக் கீழான தயக்கத்துக்கு, நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, ஸ்டோமாவோடு பத்தாண்டு வாழ்ந்த ஒருவர் சட்டையைச் செருகிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுவது அதிகம் செய்யும். எங்கள் தொழிலே அப்படித் தொடங்கியதுதான்: அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 1958-இல் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இந்தப் பணிக்கு அமர்த்திய நார்மா கில், செவிலியர் பட்டம் பெற்றவர் அல்லர், தானே ஸ்டோமாவோடு வாழ்ந்த நோயாளி. உங்கள் மருத்துவமனையில் அப்படி யாரையாவது அறிமுகப்படுத்த முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் வயதும் அறுவை சிகிச்சையும் ஒத்தவராகப் பாருங்கள்.

நான் எழுதியவை கொலாஸ்டமிக்குரியவை. சிறுகுடலில் வைக்கப்படும் இலியாஸ்டமி உள்ளவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. அவர்களுக்கு மலம் நீர்த்து வரும், தோலை விரைவில் அரிக்கும், ஒரு நாளில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உப்பும் நீரும் இழந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அப்போது வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிப்பது இழப்பைக் கூட்டும், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர்மம் வேண்டும், இரிகேஷன் அவர்களுக்கு அறவே கூடாது. உங்கள் கணவரைப் பொறுத்தவரை, ஸ்டோமா கன்னத்தின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும்வரை நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அது கருத்தாலோ ஊதா நிறமானாலோ, மலமும் வாயுவும் நின்று வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, ஸ்டோமாவைச் சுற்றிய புடைப்பு இறுகி வலித்தாலோ, அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, அடுத்த முன்பதிவு வரை காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.